மூலை மனையும் மச்சானின் துண்டும்

திட்டம் எதுவும் இல்லாத வேலையை நான் எப்படியோ முடித்துவிடுவேன். யாராவது பக்கத்தில் உட்காரவைத்து, நீ இப்படிச் செய், நான் அப்படிச் செய்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால்தான் எனக்குக் குழப்பம் வரும். பிறவிக் கோளாறு. இது நன்றாகத் தெரிந்திருந்தும் என்னை ஒரு நில ஏலத்துக்கு அனுப்பியது என் மனைவி வீட்டாரின் குற்றம்தான் என்று இன்றுவரை வாதாடி வருகிறேன். (ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

அப்போது டோல்கேட் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். எண்ணூர் கண்டெய்னர் யார்டில் எனக்கு பில் போடும் வேலை. வீட்டுக்காரர் தங்கமான மனிதர், ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். கல்யாண போட்டோ பீரோவின் மேல் மல்லாந்து கிடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை நான் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, என் மனைவி செல்வி தலை வாரிக்கொள்வாள். ஒருநாள் காலை நான் அதைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன் என்று ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய்க் கடைசியில் இப்படி நின்றது.

"யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்கணும்யா எனக்கு. அதுக்கு ஒரு செவுரு வோணும். உன்னால முடியுமா, முடியாதா?"

சொல்லிவிட்டு அழுதாள். லேசில் அழுகிறவள் இல்லை. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை, இரண்டு லாரிகளுக்கு ஒரே பில்லைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் திருவொற்றியூர் தாண்டி ஒரு நிலம் ஏலத்துக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி ஒன்று இருந்து மூடிப்போன இடம். துரைமார் பங்களாவும் தொழிலாளர் குவார்ட்டர்ஸும் இருந்த பூமி முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. மெட்ரோ ரயில் வந்ததும் அந்த முள்ளுக்குக்கூட மவுசு வந்துவிட்டது. மனை மனையாகக் கல் நட்டு, ஏலத் தேதி அறிவித்து பேனர் கட்டினார்கள். செல்வி நேரில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு பக்கமும் தெரு இருக்கிற மூலை மனைதான் வேண்டும் என்றாள். முன்பணம் கட்டுவதற்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைக்கக் கொடுத்தாள். ஏலத்தில் எடுத்துவிட்டு மீதியைக் கட்ட முடியாமல் போனால் முன்பணம் திரும்பாது. சங்கிலியும் போச்சு, சுவரும் போச்சு. பேங்க் லோனையும் சேர்த்துப் பார்த்து, இதற்கு மேல் ஒரு ரூபாய் போகக் கூடாது என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டோம்.

செல்வியின் அண்ணன் ஏழுமலைக்கு விஷயம் தெரிந்தது. மச்சான் காசிமேட்டில் தினமும் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர். ஏலம் என்ற சொல்லைக் கேட்டாலே தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்துகொள்வார்.

"இன்னா மாப்ள, தனியாவா போப்போற? முழுங்கிடுவானுங்க உன்ன," என்றார். "நானும் ஒரு முன்பணத்த கட்டிட்டு வர்றேன். யார் பேருல எடுத்தா இன்னா, நம்ம செல்விக்குத்தான?"

பிறகு திட்டம் போட்டார். மீன் ஏலத்தில் பங்காளிகள் இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே மாட்டார்களாம். ஆளுக்கொரு பக்கம் நின்று, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்வார்களாம்.

"நீ யாரோ, நான் யாரோ. நான் மின்னாடி குந்துவேன், நீ பின்னாடி குந்து. நான் ஏத்திகினே போவேன். ஒவ்வொருத்தனா கழண்டுக்குவான். எவனாவது ஒருத்தன் விடாம நின்னான்னு வெய்யி, 'இது சேத்து நிலம்பா, எனக்கு வாணாம்'னு துண்ட ஒதறுவேன். அவனுக்கும் ஆசை விட்டுப்பூடும். அந்த நேரம் நீ கைய தூக்கு. புரிஞ்சுதா?"

"துண்டை உதறினா கையைத் தூக்கணும்."

"ஆங். இன்னொன்னு. எவன் ஏத்துறான்னு திரும்பிப் பாக்கவே கூடாது. எதிராளி மூஞ்சிய பாத்துட்டா நம்ம கெத்து காலி. எங்க அப்பாரு காலத்துலேர்ந்து எங்க வூட்டு ஆளுங்க ஏலத்துல திரும்பிப் பாத்ததே இல்ல."

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியபோதே எனக்கு லேசாகத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

ஏலம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. திட்டப்படி மச்சான் முதலில் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்சம் பொறுத்துப் போய் வரிசையில் நின்று நம்பர் அட்டை வாங்கினேன். நாற்பத்திரண்டு. மச்சானின் நம்பர் எனக்குத் தெரியாது, என் நம்பர் அவருக்குத் தெரியாது. யாரோ எவரோ என்று ஆனபிறகு எப்படிக் கேட்பது? கடைசி வரிசையில் போய் ஒடுங்கிக்கொண்டேன். செல்வி சாப்பாடு கட்டிக்கொண்டு பிறகு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மேடையில் மைக் பிடித்தவர் அட்டை நம்பரை மட்டும்தான் சொல்வார். எங்கள் மூலை மனை வருவதற்குச் சற்று முன்னால் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள், அது மைக்குக்கு மட்டும் போதுமாக இருந்தது. மின்விசிறிகள் நின்றன. மண்டபம் புழுங்கியது.

மூலை மனைக்கு ஏழெட்டுப் பேர் அட்டையைத் தூக்கினார்கள். மச்சான் அசரவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒரு ரியல் எஸ்டேட்காரரும் உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தார். விலை எங்கள் எல்லைக்குள்தான் இருந்தது.

"பதினொன்றாம் நம்பர். ஒரு தரம்," என்றார் மைக்காரர். "ரெண்டு தரம்."

பதினொன்றாம் நம்பர் மச்சான்தான். மனை கைக்கு வந்தாயிற்று. அந்த நேரத்தில் அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து, முகத்தையும் கழுத்தையும் துடைத்து, பளீரென்று ஓர் உதறு உதறினார்.

நான் அட்டையைத் தூக்கினேன்.

"நாற்பத்திரண்டு," என்றார் மைக்காரர் உற்சாகமாக.

மச்சானின் முதுகு விறைத்ததை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். திரும்பவில்லை. அட்டையைத் தூக்கினார். சரி, இதுவும் திட்டத்தில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்தேன். சேத்து நிலம் என்று இவர் இன்னும் சொல்லவில்லையே, சொல்லாமலே உதறிவிட்டாரே, நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று யோசிப்பதற்குள் மறுபடி துடைத்து மறுபடி உதறினார். தூக்கினேன். அவர் ஏற்றினார், உதறினார். நான் தூக்கினேன். புழுக்கம் ஏற ஏற அவர் துடைப்பதும் அதிகமாகிக்கொண்டே போனது. கோபத்தில் வேர்வை இன்னும் கூடுமாம், அதை அவரே பிறகு சொன்னார்.

எல்லையைத் தாண்டிவிட்டோம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏலத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் உதறுகிறாரே, ஏதோ கணக்கு வைத்திருப்பார் என்று நம்பினேன். மண்டபமே இப்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பாத ஒரே தலை மச்சானுடையது.

"நாற்பத்திரண்டு. ஒரு தரம். ரெண்டு தரம்."

மச்சான் கையை உயர்த்தப் போனார். அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு வழியாக டிபன் கேரியரோடு செல்வி உள்ளே வந்தாள். விலையைக் கேட்டிருப்பாள் போல. நேரே அண்ணனிடம் போய் அவர் கையைப் பிடித்துக் கீழே அமுக்கினாள்.

"வுடுண்ணா. அவ்ளோ வெலைக்கு நம்மால ஆவாது. எவனோ ஒரு பைத்தியக்காரன் எடுத்துகினு போவட்டும்."

"மூணு தரம்," என்றார் மைக்காரர்.

செல்வி அந்தப் பைத்தியக்காரனைப் பார்க்கத் திரும்பினாள். நான் நாற்பத்திரண்டாம் நம்பர் அட்டையை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எப்போது இறக்குவது என்று திட்டத்தில் சொல்லவில்லை.

மண்டபத்துக்கு வெளியே மூன்று பேரும் மச்சானின் மீன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா மாப்ள?"

"நீங்க துண்டை உதறினீங்களே, மச்சான்."

"வேர்வைய்யா அது. வேர்த்தா தொடைக்க மாட்டாங்களா?"

"நீங்க ஏன் திரும்பத் திரும்ப ஏத்தினீங்க?"

"பின்னாடி எவனோ எகிறிகினு கீறானேன்னு எனக்குக் காண்டாயிட்ச்சு."

செல்வி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு, "சங்கிலி போச்சா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மச்சான் துண்டைக் கையில் சுருட்டினார். பிறகு, "அதெல்லாம் போவாது. ஏத்துனதுல பாதி நான். மனையிலயும் பாதி நான் எடுத்துக்கறேன். எனக்கும் ஒரு வூடு வோணுமில்ல," என்றார். அவர் கட்டியிருந்த முன்பணம் திரும்பி வந்தது. அதோடு ஒரு சீட்டையும் எடுத்து மீதிக்குக் கொடுத்தார். செல்வியின் சங்கிலி ஒரு வருஷம் கழித்து அவள் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது துண்டை உதறினால், பக்கத்தில் இருப்பவர் சட்டென்று என் கையைப் பிடித்து அமுக்கிவிடுவார். போன மாதம் ஒரு வளைகாப்பில் மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நான் நாற்பத்திரண்டு மாமா.

மனை பாதியானதால் மூலை மனையில் இரண்டு வீடுகளை ஒட்டிக் கட்டினோம். ஒரு தெருவைப் பார்த்து எங்கள் வாசல், மறு தெருவைப் பார்த்து மச்சான் வாசல், நடுவில் ஒரே சுவர். குடிபோன அன்று செல்வி கல்யாண போட்டோவைத் துடைத்து வைத்துவிட்டு, அந்தச் சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மச்சான் குரல் கேட்டது. "ஒரு தரம்."

செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தட்டுத் தட்டினாள்.

"ரெண்டு தரம்."

அவள் முகத்தில் வேர்வை. முந்தானையால் துடைத்தாள், உதறினாள். அவ்வளவுதான். என் கை தானாக மேலே போனது.