எலுமிச்சைப் புல்லுக்கு வக்கீல் இல்லை

பூனை வளர்ப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படி யாரும் கிடையாது. பால் ஊற்றுவது, மண் மாற்றுவது, சோபாவின் கிழிசலைத் துண்டு போட்டு மறைப்பது எல்லாம் அவர்களுக்குப் பகுதி நேர வேலை. முழு நேரத் தொழில் வக்காலத்து. நம்பிக்கையில்லை என்றால் வீட்டுக்குள் ஒரு தொட்டியை வைத்துப் பச்சையாக எதையாவது வளர்த்துப் பாருங்கள். உங்கள் மாடியிலேயே ஒருவர் கறுப்பு அங்கியில்லாமல் நடமாடிக்கொண்டிருப்பது தெரியவரும். அவரைப் பூனை வக்கீல் என்று அழைப்போம்.

பூனை வக்கீலை அடையாளம் காண்பது எளிது. பூனை உங்கள் புதினாவைத் தின்றுவிட்டால் அவர் முதலில் பூனையின் வாயைத் திறந்து பார்ப்பார்: வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? அடுத்து தொட்டியைப் பார்ப்பார்: இதைத் தரையில் வைத்தது யார்? அலமாரியில் வைத்திருந்தால், அத்தனை உயரத்தில் வைத்து ஆசை காட்டியது யார்? கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தால், ஆடுகிற பொருளைப் பார்த்து எந்தப் பூனைதான் சும்மா இருக்கும்? வீட்டுக்குள் செடி வைக்க அவர் கணக்கில் சரியான இடம் ஒன்றுதான். அது பக்கத்து வீட்டுக்காரரின் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் நீங்களாக இருந்தால், அதற்கும் அடுத்த வீடு.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பாலகுமார் என்று எனக்கு ஒரு பழைய அலுவலக நண்பர். பூனையின் பொருட்டு வீட்டிலிருந்த மணி பிளான்ட், ஓமவல்லி எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு பிளாஸ்டிக் செடிகள் வாங்கி வைத்தார். பூனை அவற்றையும் மென்றது. கம்பளத்தின் நடுவில் கக்கியும் வைத்தது. பாலகுமாருக்குப் பூனைமேல் கோபம் வந்ததா? "பாருங்க சார், அச்சு அசல் மாதிரியே செஞ்சு வச்சிருக்கான். அது என்ன பண்ணும், ஏமாந்துடுச்சு," என்று பிளாஸ்டிக் கம்பெனியைத்தான் திட்டினார்.

ஆனால் பாலகுமார் ஜூனியர். நான் நெருங்கிப் பழகிய சீனியர், லிங்கராஜபுரத்தில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டிலிருக்கும் ஹெர்பர்ட் அண்ணன். தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். உலகத்தில் அவர் குறை காணாத பொருள் ஒன்றே ஒன்று. அதற்கு நான்கு கால், மஞ்சள் நிறம், பெயர் சாலமோன். "பேரே சாலமோன், பைபிள்ல வர்ற ஞானி ராஜா பேரு. எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாதுன்னு அவனுக்கு நீ சொல்லித் தரணுமா?"

என் வீட்டுச் செடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். போன செப்டம்பரில் என் மனைவி லீனா இறந்தாள். பழைய பெயின்ட் வாளியில் அவள் நட்டு வைத்த எலுமிச்சைப் புல் சமையலறை ஜன்னலோரம் இருந்தது. சர்ச் சபையிலிருந்து யார் வந்தாலும் நாலு தாளைக் கத்தரித்து, சுருட்டி முடிச்சுப் போட்டு, டீயில் கொதிக்க விடுவாள். இந்த செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம். வருகிறவர்களுக்கு அந்தப் புல்லில் அந்த டீயைக் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு வேறு திட்டம் எதுவும் இல்லை.

சாலமோனுக்கும் ஒரு திட்டம் இருந்தது. மே மாதம் நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அது தெரிந்தது. சரியாக நாலு மணிக்கு சன்ஷேட் வழியாக வருவான், ஜன்னலில் அமர்வான், வாளிக்குள் தலையை விடுவான்.

"ஹெர்பர்ட் அண்ணே, சாலமோன் மறுபடியும் புல்லைக் கடிச்சிட்டான்."

"நீ கண்ணால பார்த்தியா?"

"வாளி பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான்."

"உட்கார்ந்திருந்தா? வாரா வாரம் நானும்தான் சர்ச்சுல உட்கார்றேன். அதுக்காகப் பிரசங்கம் நானா பண்றேன்?"

சொல்லிவிட்டு உள்ளே போனவர், மூக்குக் கண்ணாடியும் வெர்னியர் காலிப்பருமாக வந்தார். தொழிற்சாலையில் மில்லிமீட்டரின் பின்னம்வரை அளக்கும் கருவி. என் சமையலறையில் மண்டியிட்டு, ஒரு தாளில் இருந்த பல் தடத்தை இரண்டு முறை அளந்தார்.

"ஆறு புள்ளி நாலு. என் பையனுக்கு இவ்வளவு இடைவெளி கிடையாதுப்பா. இது அணில் வேலை."

"நாலாவது மாடியிலயா?"

"பெங்களூர் அணில் லிஃப்ட்டே எடுக்கும். நீ வேற."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாலமோன் ஜன்னலிலிருந்து இறங்கி வந்து, அவர் கையிலிருந்த தாளின் மறுநுனியைக் கவ்வி, கண்ணை மூடி மெல்ல ஆரம்பித்தான். கடவாய்ப் பல்லில் சரக் சரக் என்று சத்தம். ஹெர்பர்ட் அண்ணன் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"பார்த்தியா? நாம சந்தேகப்பட்டதுல அவனுக்கு டென்ஷன். டென்ஷன்ல கடிக்கிறான்."

மறுநாள் கதவிடுக்கில் ஒரு காகிதம் கிடந்தது. முறையான ஆய்வறிக்கை. வாளியின் உயரம்: போதாது. ஜன்னல் கம்பிகளின் இடைவெளி: தேவைக்கு அதிகம். புல்லின் வாசனை: தூண்டும் தன்மையுடையது. பூனை: குறைபாடு இல்லை. கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, ஓய்வு பெறும்போது தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்துவிட்ட, தரம் தேறிய பொருளுக்குக் குத்தும் 'பாஸ்ட்' முத்திரை, நீல மையில்.

நான் ஆரஞ்சுத் தோல் போட்டேன், முகர்ந்துவிட்டுத் தாண்டினான். வலை கட்டினேன், வலையில் தொங்கினான். ஜன்னலைச் சாத்தினேன், நாலு மணிக்கு வெளியே உட்கார்ந்து, உறவு செத்ததுபோல் அழுதான். மாடியில் யாரோ "ஏனாயித்து?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் விசாரித்தார்கள். ஹெர்பர்ட் அண்ணன் என் கதவைத் தட்டினார்: "சும்னே, காரணமே இல்லாம சாத்தி வச்சு அவனை ஏன்ப்பா அழ வைக்கிறே?"

ஜெபக்கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, பேப்பர் கப் வாங்கக் கடைக்குப் போனவன் ஜன்னல் கொக்கியைப் போட மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது வாளியில் விரலுயரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. சாலமோன் பக்கத்தில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியலே இருந்தது. ஹெர்பர்ட் அண்ணனின் மனைவி ஜூடித் கதவைத் திறந்தார். பட்டியலை விட்டுவிட்டு வாளியை மட்டும் அவர் முன்னால் தரையில் வைத்தேன்.

ஜூடித் அதைப் பார்த்தார். "டெரிக் தம்பி, உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"என்ன தெரியாது?"

"இந்தப் பழக்கத்தைப் பண்ணதே லீனாதான். டெய்லி நாலு மணிக்கு டீ போடறப்போ, 'சாலமோன் ராஜா, வாங்க'ன்னு கூப்பிட்டு ரெண்டு தாள் நறுக்கி வைக்கும். நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. அது போன அப்புறமும் இவன் அதே டைமுக்கு வந்துட்டிருக்கான்."

நான் அவருக்குப் பின்னால் நின்ற ஹெர்பர்ட் அண்ணனைப் பார்த்தேன். கையில் காலிப்பர் இல்லை.

"இதை ஏண்ணே நீங்க சொல்லலை? முதல் நாளே கேஸ் முடிஞ்சிருக்குமே."

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பூனையைக் காப்பாத்த லீனா பேரை இழுக்கணுமா? மனசு வரலப்பா."

ஆறு புள்ளி நாலு, அணில், லிஃப்ட், டென்ஷன் என்று இத்தனை பொய் வாதங்களை அடுக்கிய மனிதர், ஜெயிக்கக்கூடிய ஒரே உண்மையை மாதக்கணக்கில் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் நடந்தது. எலுமிச்சைப் புல்லில் வாசனை அடித்தண்டில்தான் அதிகம் என்று ஜூடித் சொன்னார். மிச்சமிருந்ததில் பாதியைத் தண்டோடு அறுத்துத் தட்டிப் போட்டோம். முடிச்சுப் போட நீளமில்லை. மற்றபடி அதே டீதான். பாஸ்டர் இரண்டாவது கப் கேட்டார்.

சபையின் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த சொர்ணம்மா சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "ஐயையோ, லீனா வச்ச புல்லாச்சே! இதை யாரு இப்படிக் கடிச்சு வச்சது?" என்றார். ஜன்னலில் சாலமோன் உட்கார்ந்திருந்தான். வாயோரம் ஒரு பச்சை நார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஹெர்பர்ட் அண்ணன் மட்டும் மின்விசிறியைப் பார்த்தார்.

அப்போது ஒரு குரல் கேட்டது: "கடிக்கலை சொர்ணம்மா. கவாத்து பண்ணியிருக்கான். மேல குறைச்சாத்தான் அடி நல்லா தடிக்கும்."

குரல் என்னுடையது. ஹெர்பர்ட் அண்ணன் மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கி எனக்கு மெல்லத் தலையசைத்தார், ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலுக்கு அசைப்பதைப்போல.

வாளி மறுபடி ஜன்னலுக்கு வந்துவிட்டது, புல்லும் துளிர்த்துவிட்டது. நாலு மணிக்கு இரண்டு தாள் நறுக்கி வைக்கிறேன். கத்தரியால் நறுக்கினால்தான் பிடிக்கிறது, கையால் கிள்ளினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். குற்றம் என் கையில்தான்.

நீங்கள் பூனை வளர்க்கவில்லை என்பீர்கள். நானும் வளர்க்கவில்லை. ஆனால் இதைப் படித்துவரும்போது எங்காவது ஓரிடத்தில், 'பாவம், வாயில்லா ஜீவன்தானே' என்று உங்களுக்குத் தோன்றியதா? அவ்வளவுதான், வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி உங்கள் ஓமவல்லியை யாரும் காப்பாற்ற முடியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதிய தாளின் ஓரம் இரண்டு இடத்தில் கடிபட்டிருக்கிறது. அளந்து பார்த்தேன். அணில் வேலை.