அட்டையில் வந்தார் மோகனசுந்தரம்

ஒருதரமாவது பத்திரிகை அட்டையில் வந்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று மீனாட்சிபுரம் மோகனசுந்தரம் முடிவெடுத்தார். பால் சொசைட்டித் தலைவர் பதவிக்கு நாலு தடவை நின்று, நாலு தடவையும் தோற்று அலுத்துப்போன மனுஷர். அடுத்த மாதம் மறுபடி தேர்தல். சித்தூர் மாட்டுப் பத்திரிகை சிறந்த பால்காரரை அட்டையில் போடப்போகிறது என்று கேள்விப்பட்டதும் போனில் பேசி இடம் பிடித்துவிட்டார்.

பிறகு சலூனே கதி. அங்கே கிடந்த பழைய பத்திரிகைகளை ஆராய்ந்தார். நடிகன் என்றால் கையைக் கட்டிக்கொண்டு முறைக்க வேண்டும். தலைவர் என்றால் மேலே எதையோ பார்க்க வேண்டும். மேலே ஒன்றும் இருக்காது. நடிகை வயலில் நிற்கலாம், காலில் சேறு கூடாது. யார் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை, இஸ்திரி போட்டு எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

"ஏனுங்க, பத்திரிகைக்காரங்ககிட்ட என்னன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி சிவசங்கரி, சாணிக்கூடையை இறக்கியபடி.

"ஏழு மாட்டையும் ரெண்டு நேரமும் நானே கறக்கறேன், பொண்டாட்டியத் தொடவே உடமாட்டேன்னு சொன்னேன்."

"அப்படீங்களா."

"அட்டைக்குன்னா கொஞ்சம் கூட்டித்தான் புள்ள சொல்லோணும்."

இருபத்துமூன்று வருஷமாகக் கறப்பவள் அவள். சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தார். வரவில்லை.

"வெள்ளச் சட்டையோட செவலை மாட்டுகிட்டப் போனா ஒதச்சுப்போடுமுங்க. அதுக்கு எஞ்சட்டைதான் தெரியும்" என்றாள்.

கறக்கும்போது சேலைமேல் அவள் மாட்டிக்கொள்வது இவருடைய பழைய கட்டம்போட்ட சட்டை. தலையில் ஒரு துண்டு. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மாட்டுக்கொட்டகையில் அதுதான் உடுப்பு.

பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க மலையாளத்துப் பையன் ஸ்ரீஜித் வந்த அன்று, மோகனசுந்தரம் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டி நின்றார். செவலை காலைத் தூக்கியது. அவர் ஒரே எட்டில் வெளியே வந்து, மறுபேச்சில்லாமல் கட்டம்போட்ட சட்டையும் துண்டும் வாங்கி மாட்டிக்கொண்டார். மாடு சாதுவாக நின்றது.

"சேட்டா, கறக்கற மாதிரி குனிஞ்சு இருங்க. நல்லாயிருக்கும்" என்றான் ஸ்ரீஜித்.

"தலைய மாட்டு வயித்துல நல்லா முட்டுக் குடுங்க, இல்லாட்டி நவுந்துக்கும்" என்றாள் சிவசங்கரி. கயிறு பிடிக்க வந்தவள் பட்டுச்சேலையில் இருந்தாள்.

"உனக்கெதுக்கு புள்ள பட்டு?"

"வந்த ஆளு முன்னால அழுக்கோட நின்னா உங்களுக்குத்தானுங்க கேவலம்."

நியாயம்தான். எப்படியும் கயிறு பிடிப்பவளைப் படத்திலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று நினைத்து, அவர் மாட்டு வயிற்றில் தலையை முட்டுக் கொடுத்தார். இடுப்பு போயிற்று. ஸ்ரீஜித் அரைமணி நேரம் எடுத்தான். கிளம்பும்போது அவனுக்கு டீ கொடுத்து, கேமராவில் இருந்த படங்களையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்திரிகை வந்தது. அட்டை நடுவில் சிவசங்கரி, பட்டுச்சேலையில், பார்வை மேலே. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பின்னால் மாட்டு வயிற்றடியில் ஒரு கட்டம்போட்ட சட்டை. மேலே பெரிய எழுத்தில்: 'ஏழு மாடும் ஒரு வீட்டுக்காரரும்: சிவசங்கரி பண்ணையின் வெற்றி.'

அவர் திண்டாடிப் போனார். "ஏம்புள்ள, இது யாரு பண்ண வேலை?"

"எடுத்ததுல முகம் தெரியற படம் இது ஒண்ணுதானுங்க. நாந்தான் தம்பிகிட்டச் சொன்னேன்."

"எலக்‌ஷனுக்கு நிக்கறது நானு!"

"சொசைட்டிப் பொம்பளைங்க காலைல வந்திருந்தாங்க. என்னைத்தான் நிக்கச் சொல்றாங்க. இப்பப் பேரு குடுக்கப் போறேனுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"மணி மூணாச்சுங்க. நீங்க சொன்னதை உள்பக்கத்துல அப்படியே போட்டிருக்காங்க, நான் மாட்டைத் தொட்டா ஊரு என்ன நினைக்கும்? போய்க் கறங்க."