மடிக்கணினியை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தானும் நலம். நீயும் உன் மனைவியும் நலம் என்றே நம்புகிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு விலையுள்ள பொருளைக் கேட்காமலே வாங்கி அனுப்பியிருக்க மாட்டாய். "அக்கா, அந்தப் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடு, இதை வச்சுப் பாரு, பிடிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன், நிறை குறையை மட்டும் நேர்மையா எழுது" என்று போனில் சொன்னாய். எழுதுகிறேன்.

முதல் நிறை, மெலிவு. பெட்டியைப் பிரித்ததும் உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "மூடியை மட்டும் அனுப்பியிருக்கான், மீதி அடுத்த பார்சல்ல வரும்" என்றார். இரண்டாவது, அது சத்தமே போடாது. பழையது விசிறி சுழலும் இரைச்சலில், நான் வேலை செய்கிறேன் என்பதைப் பக்கத்து அறைக்கும் சொல்லிவிடும். இதன் முன்னால் உட்கார்ந்தால் நான் சும்மா இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆய்வக உதவியாளர், "மேடம், டீ சொல்லட்டுமா?" என்று வந்து வந்து நிற்கிறார். திரை தெளிவானது. மண் மாதிரிகளின் படங்களை அதில் பார்த்தபோது, இத்தனை வருடங்களாக நான் 'பழுப்பு' என்று எழுதி வந்ததற்குள் நாலைந்து பழுப்புகள் இருப்பது தெரிந்தது. இதை நிறை என்று சொல்லவில்லை, வெறும் தகவல்.

குறைக்கு வருகிறேன். எங்கள் கருவிகளின் வயர் எதுவும் அதில் நுழையாது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மெல்லிசா பண்ணணும்னா எதையாவது எடுத்துத்தானே மேடம் ஆகணும்" என்றார். எடுத்ததையெல்லாம் தனியாக ஒரு பெட்டியில் போட்டு அவரே விற்கிறார். அந்தப் பெட்டி மடிக்கணினியைவிடத் தடிமன்.

பெரிய குறை, எடை இல்லாதது. எங்கள் மண் பரிசோதனைக்கூடத்தை மூடிவிட்டுத் தலைமை ஆய்வகத்தோடு சேர்க்கலாமா என்று முடிவு செய்யப் போன வாரம் ஒரு குழு வந்தது. மூடினால் எனக்கு வெளியூர் மாற்றல், உதவியாளருக்கு வேலையே போய்விடும். நான் தயாரித்த வரைபடங்கள் எல்லாம் மடிக்கணினியில் இருந்தன, மடிக்கணினி அதன் உறையில் இருந்தது, உறை என் கையில் இருந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க உறையைத் திறந்து, எங்கள் வீட்டுக் காய் நறுக்கும் பலகையை மேசைமேல் வைத்தேன். வெங்காய வாசனை வந்தது. "இது ஏதாவது மாடலா மேடம்?" என்று தலைவர் கேட்டார். "இல்லை சார், பலகை" என்றேன். பொய் யோசிக்க நேரமில்லை.

வராந்தாவுக்கு வந்து உன் அத்தானுக்குப் போன் செய்தேன்.

"லேப்டாப் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

வீட்டில் ஒருமுறை திருடு போனதிலிருந்து, விலையுள்ள எதையும் அதற்குரிய இடத்தில் வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. உன் கல்யாணத்தில் காணாமல்போன என் நெக்லஸ் பிறகு சோப்புத்தூள் டப்பாவில் கிடைத்தது உனக்கு நினைவிருக்கும். இந்த முறை, "திருடன் வந்தா உறையோட தூக்கிட்டுப் போய் ஏமாறட்டும்" என்று அதே அளவில், அதே எடையில் பலகையைத் தேடி வைத்திருக்கிறார். இதுவரை ஏமாந்த ஒரே ஆள் நான்தான்.

திரும்பி உள்ளே போனேன். வேறு வழி தெரியாமல், சோதனைக்கு வந்திருந்த ஒரு பையைப் பிரித்து மண்ணைப் பலகையில் கொட்டிப் பரப்பி, இது யார் வயல், இதில் என்ன இல்லை, தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். தலைவர் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். என் வரைபடங்களைக் காட்டினால் இரண்டாவது படத்திலேயே தூங்கிவிடுகிறவர்கள் கேள்வியெல்லாம் கேட்டார்கள். கூடம் தொடரட்டும் என்று நேற்று உத்தரவு வந்தது. உதவியாளர் பலகையைக் கழுவித் துடைத்துத் தந்தார். மடிக்கணினி கனமாக இருந்திருந்தால் அது உறையில் இல்லாதது வீட்டிலேயே தெரிந்திருக்கும், வரைபடங்களைக் காட்டியிருப்பேன், கூடத்தை மூடியிருப்பார்கள். இதை நிறையில் சேர்ப்பதா குறையில் சேர்ப்பதா என்று நீயே சொல்.

அது எங்கே இருந்தது என்று கேட்பாய். விரிப்பு மாற்றும்போது, கட்டிலில் என் பக்கத்து மெத்தைக்கு அடியில் அகப்பட்டது. அத்தனை நாளும் அதன்மேல்தான் தூங்கியிருக்கிறேன், ஒன்றும் உறுத்தவில்லை. மெலிவுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், வயர் நுழையாத, சத்தம் போடாத, இருப்பதே தெரியாத ஒரு பொருள் இந்த வீட்டுக்கு ஒத்துவராது. எனக்குப் பழையதே போதும். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ. உன் மனைவியையும் அழைத்து வா. இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் மடிக்கணினியை மறுபடியும் காணவில்லை. உன் அத்தான், "இந்தத் தடவை சத்தியமா நான் ஒளிச்சு வைக்கலை" என்று தலையில் அடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறார். அவரைச் சந்தேகப்படாதே, அவர் சொல்வது உண்மை. இந்த வரியையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.