ஹாரன் அடிக்காத பம்பாய்

கழியில் சுருட்டிய ஆறடி நீளத் திரை ஜீப்புக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. நீளவாக்கில் வைத்தால் கியரில் இடித்தது. குறுக்கே வைத்தால் கதவு மூடவில்லை. வருகிறேன் என்ற டெம்போக்காரன் போனை எடுப்பதை நிறுத்தி ஒரு மணி நேரமாகிவிட்டது.

நாகூர் கனிக்கு வியர்த்துக் கொட்டியது. தாராவியில் ஜரிகைப் பட்டறை வைத்திருப்பவர் அவர். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் மேடைத் திரை தைத்துக் கொடுத்தவர், இந்த ஒன்றை மட்டும் யார் கையிலும் விடாமல் இரண்டு மாதம் தானே தைத்தார். இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சான்பாடாவில் அவருடைய ஒரே மகள் சஃப்ரீனுக்கு நிக்காஹ்.

"வாப்பா தச்ச திரைக்கு முன்னாலதான் உக்காருவேன்" என்று அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டார் காலையிலேயே மண்டபம் போய்விட்டார்கள். இவர் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாகத் தயாராகி நின்றார். தூக்கமில்லாமல் தைத்ததில் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"அண்ணாச்சி, ஜீப்புக்குப் பின்னால பாத்தியளா?" என்றார் பக்கத்து கேரேஜ் வானமாமலை. மலையேற வேண்டும் என்று கனி ஆசை ஆசையாக வாங்கிய ஜீப் அது. இதுவரை ஏறிய ஒரே மலை சயான் மேம்பாலம். அதன் பின்பக்கம் எலுமிச்சம்பழம் போல ஓர் இரும்புக் குண்டு துருத்திக்கொண்டிருந்தது. கேரேஜில் கிடந்த குட்டி ட்ரெய்லரைத் தள்ளிவந்து, அதன் மூக்கை அந்தக் குண்டில் மாட்டிச் சங்கிலியும் போட்டார் வானமாமலை.

"மெதுவாப் போங்க. நாப்பதத் தாண்டுனா இது வால ஆட்டும். ரிவர்ஸ் மட்டும் எடுத்துராதிய. நீங்க ஒரு பக்கம் திருப்புனா அது மறுபக்கம் போவும், எம் பொண்டாட்டி மாரி."

"பின்னால லைட்டு எரியலையே?"

"ஒயரு சேரல. ஜீப்புல நாலு இண்டிகேட்டரையும் போட்டு வுட்ருங்க. ஹெட்லைட்டும் எரியட்டும். எல்லாவனும் ஒதுங்கிப் போவான்."

கிளம்பிய பத்தாவது நிமிஷம் திரைமேல் போட்டிருந்த தார்ப்பாய் படபடவென்று அடித்துக் கிழிந்தது. சயானில் ஒரு துணிக்கடை வாசலில் நிறுத்தி, புதிதாக வெள்ளை மல் துணி வாங்கித் திரையைச் சுற்றினார். கயிற்றால் கட்டினால் ஜரிகை நசுங்கும். ஆகவே அதே துணியிலிருந்து நாடா கிழித்து இரு முனையிலும் நடுவிலும் முடிச்சுப் போட்டார். தொழில் தெரிந்தவர் கட்டு, அப்படி ஒரு நேர்த்தி.

பக்கத்துச் சாக்கடையின் வாடை குப்பென்று வந்தது. புது ஜரிகையில் நாற்றம் ஒட்டினால் போகாது என்பதால் கைப்பையில் இருந்த கற்பூரத்தைப் பொடித்துத் தூவி, அத்தரையும் தெளித்தார். அதற்குள் மேம்பாலத்திலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விழுந்தது. பதறிப்போய், மணமேடை சோபாவுக்கு வைத்திருந்த பச்சை வெல்வெட்டை எடுத்து மேலே போர்த்தினார்.

எல்லாம் சரியாயிற்று என்று வண்டியில் ஏறியவர், ரிவர்ஸ் எடுத்தார்.

வானமாமலை சொன்னது பொய்யில்லை. ட்ரெய்லர் தன் இஷ்டத்துக்குத் திரும்பி நடுரோட்டுக்குப் போனது. ஒரு லாரி அலறிக்கொண்டு வந்தது. 'டங்' என்று கொக்கி இழுத்த இழுப்பில் கனியின் தலை ஸ்டியரிங்கில் மோதி, ஒரு நொடி கண் இருண்டது.

கண் திறந்தபோது லாரி ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. டிரைவர் கெட்ட வார்த்தைக்கு வாயைத் திறந்தவன், ட்ரெய்லரைப் பார்த்து, இவர் முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டான். லாரியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டான்.

கனி நெற்றியைத் தடவிக்கொண்டார். ஜீப்பை நகர்த்தினார். ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை.

பம்பாயில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறவனை ஹாரனாலேயே கொன்றுவிடுவார்கள். இன்றைக்கு ஒரு சத்தமில்லை. பஸ் ஒதுங்கியது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரன் ரேடியோவை அணைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். வானம் வேறு பகலிலேயே கறுத்துக் கிடந்தது.

செம்பூரில் டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டினார். ட்ரெய்லருக்குக் காகிதம் கேட்பார் என்று கனி லைசென்ஸைத் தேடினார். போலீஸ்காரரோ குறுக்கே வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்தினார்.

"ஜாயியே சாச்சா. ஆராம் ஸே" என்று நிதானமாகப் போகச் சொன்னார்.

போலீஸ்காரர் மரியாதையாகப் பேசியதும்தான் கனிக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஓரமாக நிறுத்தி டீ குடித்தார். காசை நீட்டினால் டீக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். தொப்பி போட்ட ஒருவர் வந்து தோளில் கை வைத்தார்.

"பொறுமையா இருங்க பாய். எல்லாரும் போற எடந்தான்."

"எங்க... சான்பாடாவுக்கா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினார்.

கனி மனைவி ஷமீமாவுக்குப் போன் போட்டார். அவர் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. எல்லைக்கு அப்பால் இருப்பது ஷமீமாவா, தானா?

கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. மௌத்தாகி மையித்தாய்க் கிடக்கிற உடம்புக்கு வலிக்காது என்று யார் சொன்னது? அந்த லாரி நிற்கவே இல்லையோ என்னவோ!

மறுபடி வண்டியை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வரிசையாக ஸ்கூட்டர்கள், பைக்குகள். பட்டப்பகலில் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. எல்லார் தலையிலும் தொப்பி. முன்னால் மருதாணித் தாடியோடு ஒரு பெரியவர். இவர் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக வந்தார்கள். வேகமெடுத்தால் அவர்களும் வேகமெடுத்தார்கள். யாரும் முந்தவில்லை, பேசவில்லை. உயிரை வாங்க வரும் மலக்குகள் ஸ்கூட்டரில் வருவார்கள் என்று எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் பயானில் சொன்னதில்லை. ஆனால் பம்பாய் டிராஃபிக்கில் அவர்களும்தான் வேறெதில் வருவார்கள்?

வாஷி பாலம் வந்தது. பாலம் என்றதும் மறுமையில் எல்லாரும் கடந்தாக வேண்டிய அந்த இன்னொரு பாலம் ஞாபகம் வந்தது. கீழே கழிமுகத் தண்ணீர் சாம்பலாய் அசையாமல் கிடந்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மௌத்தைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு துக்கமில்லை. சஃப்ரீன் முகம்தான் நெஞ்சை அறுத்தது. இரண்டு மாதம் ஊசி பிடித்தும், அந்தத் திரைக்கு முன்னால் பிள்ளை உட்காருவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஏங்கி ஏங்கி அழுதார். பக்கத்தில் வந்த காரில் ஒரு பெண்மணி அதைப் பார்த்து அவளும் அழுதாள்.

சான்பாடா மண்டப வாசலில் சீரியல் லைட் மினுக்கியது. ஜீப் நின்றதும் ஷமீமா பட்டுப்புடவையோடு பாய்ந்து வந்தாள்.

"எங்கன போய்த் தொலைஞ்சிய? ஹஜ்ரத்து வந்து ஒரு மணி நேரமாச்சி! புள்ள திரை வராம மேடையில உக்கார மாட்டேன்னு நிக்கா! மனுசனா நீங்க?"

கனியின் காதில் தேன் பாய்ந்தது.

"ஷமீமா, நான் கண்ணுக்குத் தெரியுதேனா?"

"தெரியாம என்ன? நெத்தி வீங்கிப் போய்ப் பேய் மாரி நிக்கிய!"

"இன்னும் ரெண்டு திட்டு திட்டேன்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடி ஜன்னலிலிருந்து "வாப்பா வந்தாச்சி!" என்ற சஃப்ரீனின் குரல் கேட்டது. உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் கொக்கியைக் கழற்றுவதற்காகப் பின்பக்கம் ஓடினார்.

அங்கே நாற்பது ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. ஜிப்பாக் கையை மடித்துவிட்டபடி நான்கு பேர் ட்ரெய்லரின் நான்கு மூலையிலும் தயாராக நின்றார்கள். மருதாணித் தாடிப் பெரியவர் மெல்ல வந்து, கனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மண்டபத்து விளக்குகளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"பாய், சயான்லருந்து உங்க பின்னாலயே வாறோம், வழியில ரெண்டு கபர்ஸ்தானத் தாண்டியாச்சு... மையித்த இந்தக் கல்யாண மண்டபத்துலயா அடக்கப் போறிய?"