ஐம்பது வரியும் ஒரு தாய்மாமனும்

பேனரில் தாய்மாமனைக் காணவில்லை.

மறுநாள் காதுகுத்து. சித்தப்பாமார் மூவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் தமிழ்மாறனின் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. இந்த லட்சணத்தில் பேனரின் மாதிரிப் படத்தைக் கடை முதலாளி சிவபாண்டி குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். வாடிப்பட்டியில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உறவு முறிந்திருக்கிறது.

"அந்த லைப்ரரிய எடுக்க வேணாம்னு நேத்தே சொன்னேன்லண்ணே," என்றாள் சத்யப்ரியா. பேனர் கடையின் ஒரே கம்ப்யூட்டர் என்ஜினியர் அவள்தான்.

லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லை, வெறும் ஐம்பது வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல். வாடிக்கையாளர் இணையத்தில் தேர்ந்தெடுக்கும் நிறம், அளவு, இடம் எல்லாம் 'நிறம்: சிவப்பு' என்கிற பாணியில் ஒரு நீளமான சிஎஸ்எஸ் வரியாக வந்து சேரும். அதை அச்சு நிரலுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தரும். கேட்டால் பழையபடி திருப்பியும் தரும். யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்தது. ஒரு வருடமாக ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. நேற்றுத்தான் அது சிவபாண்டியின் கண்ணில் பட்டது.

"ஊர் பேர் தெரியாதவன் சரக்கு நம்ம கடையில எதுக்கு? அம்பது வரிதான, நீயே எழுது!" என்றுவிட்டார்.

எழுதினாள். முக்காற்புள்ளி (:) வந்த இடத்திலெல்லாம் வெட்டினாள். மாமன் படம் மட்டும் இணைய முகவரியிலிருந்து வருவது. அந்த முகவரிக்குள்ளேயும் ஒரு முக்காற்புள்ளி இருந்தது. வெட்டு அங்கேயும் விழுந்தது.

சிவபாண்டியின் போன் அடித்தது. தமிழ்மாறன்.

"ஆத்தாடி, நான் எடுக்க மாட்டேன், கிழிச்சுப்புடுவாரு!" என்று சிவபாண்டி போனைக் கவிழ்த்து வைத்தார். "நாலு மணிக்கு பேனர் மெயின் ரோட்டுல ஏறணும். மாமன் மொகம் பெருசா இல்லேன்னா இனி ஒரு விசேசம் நம்ம கடைக்கு வராது."

சத்யப்ரியா சரிசெய்தாள். மாமன் வந்தார், தபால்தலை அளவில். அளவைக் குறிக்கும் சொல்லின் நடுவே ஒரு சின்னக் கோடு. அச்சு நிரலுக்கு அந்தக் கோடு ஆகாது. சிவபாண்டி அவசரப்பட்டு அதையும் குழுவுக்கு அனுப்பினார். மாமனிடமிருந்து ஆறு அழைப்புகள்.

கோடுகளையெல்லாம் துடைத்தாள். கூடவே இடத்தைச் சொல்லும் எண்களின் கழித்தல் குறிகளும் போயின. மாமன் பெரிதாகி, இடம் மாறி, குழந்தையின் தலைமேல் உட்கார்ந்தார். அதுவும் குழுவுக்குப் போனது. பன்னிரண்டு அழைப்புகள்.

"தாயி, பழசையே வையி," என்று சிவபாண்டி தலையில் கைவைத்தார்.

வைத்தாள். ஐந்தே நிமிடம். ரோஜா மாலையோடு, சித்தப்பாமார் மூவரையும்விடப் பெரிதாக, மாமன் கம்பீரமாக எழுந்து நின்றார். எங்கே வெட்டுவது, எந்தக் கோட்டைத் தொடக் கூடாது என்று அந்த ஐம்பது வரிக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. அதை எழுதிய ஆளை நினைத்துச் சத்யப்ரியாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சிவபாண்டி திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எவ பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்! எம்புட்டு அறிவு!"

நாலு மணிக்கு பேனர் ஏறியது. நாலேகாலுக்கு ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் கடைக்குள் நுழைந்து, முன்கண்ணாடியை மட்டும் தூக்கினார். தமிழ்மாறன்தான். சிவபாண்டி மேசைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"தம்பி, இப்ப மொகம் தெளிவா இருக்குல்ல?"

"ரொம்பத் தெளிவா இருக்குண்ணே," என்றார் தமிழ்மாறன், அழாத குறையாக. "காலையில மொகமே இல்லாம அனுப்புனீங்கள்ல, அதையே போட்டிருங்கன்னு சொல்லத்தான் அம்புட்டு வாட்டி கூப்புட்டேன், ஆபீசுல காய்ச்சல்னு லீவு சொல்லிருக்கேன், எங்க மேனேஜர் வீடு அந்த பேனருக்கு எதுத்தாப்லதான் இருக்கு!"