ஆளில்லாத ஜெயில்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் வீட்டில் உட்கார்ந்து தொழில் பேசவே கூடாது. பேசியே தீர வேண்டுமென்றால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உத்திரமேரூரில் எங்கள் வீட்டு உள்ளறைக்குக் கதவு கிடையாது, அப்பாவின் பழைய வேட்டிதான் தொங்கும்.

சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வரைக் கவனித்துக்கொள்வது அப்போது என் வேலை. ஒரே சர்வருக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகத் தடுப்பு கட்டி, ஒருவர் பக்கம் இன்னொருவர் எட்டிப் பார்க்காதபடி செய்ய வேண்டும். மவுஸெல்லாம் உதவாது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் கட்ட முடியும். அந்தத் தடுப்புக்கு எங்கள் தொழிலில் பெயர் ஜெயில். (பெயர் வைத்த புண்ணியவானுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.)

மானாம்பதியில் கோமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் என்றிருந்தேன். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை என்பதற்கு மேல் அவளுடைய அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவர் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று பார்த்து சர்வர் படுத்துவிட்டது. அவர் வந்தது தெரியாமல், உள்ளே நான் செல்போனில் மேனேஜரிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

“மூணு பேரையும் ஜெயில்ல போட்டுட்டேன் சார்! ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்க முடியாது. நாலாவது ஜெயில் கட்டிக்கினு இருக்கேன். தகராறு பண்ணா கொன்னுட்டு வேற போட்டுக்கலாம்!”

நான் வெளியே வந்ததும் அவர் சட்டென்று எழுந்து நின்றார். “மாப்ள கறாரான ஆளு. எங்களுக்குச் சம்மதம்” என்றார். என் முகவெட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரம். அவர்கள் உறவுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம பையன் ஒருத்தன் அடிதடி கேஸ்ல உள்ள கீறான். நீங்க ஜெயில் ஆபீசராமே, கொஞ்சம் பாத்துக்கோங்க.”

நான் கையை மெல்ல உருவிக்கொண்டேன். “அது... கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற ஜெயிலுங்க.”

“அதுல யாரு கீறாங்க?” என்றார் கோமதியின் அப்பா.

“ஆளுங்க யாரும் இல்ல மாமா.”

“ஆளே இல்லாத ஜெயிலுக்கா சம்பளம் குடுக்கறான்?”

நீட்டிய தட்டு அவர் மடிக்கே திரும்பிப் போனது. கவர்ன்மென்ட் மாப்பிள்ளை கண்ணெதிரே கரைந்துபோன சோகம் அவருக்கு. எனக்கோ கோமதியே கைவிட்டுப் போன சோகம். அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“நைனா, ஆளில்லாத ஜெயிலுன்னா எவனும் தப்பிச்சி ஓடமாட்டான். இவருக்கும் வேல போவாது. தட்ட மாத்து, எல்லாரும் பசியோட கீறாங்க.”

சபை சிரித்துவிட்டது. தட்டு மாறியது.

என் மாமனார் பொய் சொல்லமாட்டார். ஆனால் ஊரெல்லாம் சொல்லி வைத்ததை முழுதாக விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனமில்லை. அதனால் ‘ஆபீசர்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டார். இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் தோளில் கை போட்டு, “நம்ம மாப்ள, ஜெயில்ல கீறாரு” என்றுதான் அறிமுகம் செய்கிறார். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவாள். எதிரில் நிற்பவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

“எப்ப தம்பி வுட்டாங்க?”