ஆராய்ச்சிக்குப் போன முதல் முடிச்சு

பக்தி குறைந்துபோய்க் கெட்டவர்களைப் பற்றிப் பிரசங்கத்தில் நிறையக் கேட்டிருப்பீர்கள். பக்தி கூடிப்போய் ஒரு கல்யாணத்தைப் பாதியில் நிற்க வைத்தவள் நான். கையைக் கூப்பி, கண்ணை மூடி, மனமுருகி ஜெபம் செய்தேன். அவ்வளவுதான் என் குற்றம். (மனமுருகினது பொய்யில்லீங்க, கன்னம் நனைஞ்சிருந்ததுக்கு அம்மாவே சாட்சி.)

அப்போது கேரளத்து மலையூரான வண்டிப்பெரியாரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டருக்குள் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது. யாராவது பிரிண்டர் ஓடவில்லை என்று வந்தால்கூட, பெரிய டாக்டர் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு நிமிடம் மௌனமாக நிற்பேன். பிறகு சுவிட்சைப் போடுவேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் என் சித்தி புற்றுநோயில் இறந்துபோயிருந்தாள். அம்மாவின் தங்கை, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு மலையிறங்கியபோதெல்லாம் நானும் கூடப் போனேன். பையைத் தூக்கியதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

அதனால்தானோ என்னவோ, ஒரு நாள் ஒரு செய்தியைப் படித்ததும் அதோடு ஒட்டிக்கொண்டேன். மருந்து கண்டுபிடிக்கிறவர்களுக்கு மலைமலையாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். நாம் ஒரு புரோகிராமை நம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தால், நாம் சும்மா இருக்கும் நேரத்தில் அது ஒரு துண்டை வாங்கி, கணக்குப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துபோனது. இன்றைக்கும் அதை நினைத்தால் அப்படித்தான்.

என் கம்ப்யூட்டரில் அது ஆமை வேகத்தில் ஓடியது. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் பறக்கும் என்றார்கள். பிராசஸர் ஒரு கெட்டிக்காரக் கங்காணி என்றால், கிராஃபிக்ஸ் கார்டு மலை முழுக்க நின்று கொழுந்தெடுக்கிற பெண்கள். கங்காணி எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் ஒற்றை ஆளாக ஒரு மலையைக் கொழுந்தெடுத்து முடிப்பாரா? ஆனால் என்னிடம் இருந்த பழைய கார்டைப் பார்த்து, இதற்கெல்லாம் ஆதரவு இல்லை என்று புரோகிராம் கைவிரித்துவிட்டது. தேனியில் போய் இன்னொருவர் பயன்படுத்திய கார்டு ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். அதையும் அது கண்டுகொள்ளவில்லை.

அந்தப் புரோகிராம்காரர்களின் இணையப் பக்கத்தில் உதவி கேட்டு எழுதினேன். எந்த நாட்டு ஆளோ, ஆணோ பெண்ணோ, என் தப்பும் தவறுமான ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொண்டு ஒருவர் நான்கு நாள் பதில் எழுதினார். கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொண்ட டிரைவர் மென்பொருள் திரையில் படம் காட்டத்தான் உதவும், கணக்குப் போட கார்டு செய்த கம்பெனியின் டிரைவரே வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். கார்டின் ஃபேன் 'உஸ்ஸ்' என்று எழுந்து சுற்றியதே ஒரு சுற்று! பல நாள் இழுத்த துண்டு, நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் முடிந்திருந்தது. அன்றைக்கு எதிரில் வந்தவர்களிடமெல்லாம் மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதில் ஓர் ஏற்பாடு என்னை ரொம்பவே கவர்ந்தது. நாம் வேலை செய்யும்போது கார்டு நம்மைத் தொந்தரவு செய்யாது. மூன்று நிமிடம் மவுஸையும் கீபோர்டையும் தொடாமல் இருந்தால்தான், ஆள் எழுந்து போயாயிற்று என்று நினைத்துக் கணக்கை ஆரம்பிக்கும். நாம் வந்து தொட்டதும் நிறுத்திவிடும். என்ன மரியாதை, என்ன மரியாதை என்று மெச்சிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் சித்தியின் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் வந்தது. ஒரே மகள். மாப்பிள்ளை ஜெபராஜ், போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டக்காரர்கள் வீட்டுப் பிள்ளை. அவள் அப்பா அந்தோணி சித்தப்பா மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு தருவதாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் இல்லை என்றுவிட்டார்கள். போனில் அவர் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஏ ஜாஸ்மினு, பூசை, பிரசங்கம், பிரியாணி எதையும் நான் பாக்காண்டாம். தாலி கட்டுறத மட்டும் காட்டிரு. அவ அம்மைக்குத்தான் குடுத்து வைக்கல. நானாவது பாத்துறணும்" என்றார்.

"சித்தப்பா, பக்கத்துல நின்னு பாக்குற மாதிரியே இருக்கும்" என்றேன்.

இங்கேதான் என் மண்டைக்கனம் வேலை செய்தது. நேரலைக்கு ஸ்டூடியோ லேப்டாப்பே போதும் என்றார் முதலாளி. என் கார்டு இருக்கும்போது லேப்டாப்பா? மேசைக் கம்ப்யூட்டரையே கழற்றி, கம்பளியில் சுற்றி, ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கொண்டுபோனேன். பின்சீட்டில் அம்மா சீர்வரிசைத் தட்டோடு நசுங்கிக்கொண்டிருந்தாள். "புள்ளையப் பெத்துத் தூக்கிட்டு வாறவ கூட இப்படி அணைச்சுக்கிட்டு வர மாட்டா" என்றாள்.

முதல் நாள் ஒத்திகையில் எல்லாம் பிரமாதமாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? ஒத்திகை முடியும்வரை என் கை மவுஸை விட்டு எழவே இல்லை.

கல்யாணத்தன்று நல்ல மழை. பீடத்துக்குப் பக்கவாட்டில் என் மேசை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். அம்மா எனக்குப் பக்கத்து பெஞ்சில், சித்தப்பாவோடு போன் இணைப்பைத் துண்டிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகைப் பாட்டு, வாசகம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிரசங்கத்தின் நடுவில் அம்மாவின் மடியிலிருந்து சத்தம் வந்தது.

"மதினி, ஃபாதர் வாயைத் தொறந்தபடிக்கே நிக்காரு!"

நான் பதறி மவுஸை நகர்த்தினேன். படம் ஓடியது. மழை என்றால் ரேஞ்ச் (சிக்னலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மலையில் மாடு பால் கறக்காவிட்டால்கூட ரேஞ்ச் இல்லை என்றுதான் சொல்வோம். அதற்கப்புறம் பயத்தில் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தேன். அதனால் எந்தக் கோளாறும் வரவில்லை. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தாலியை மந்திரிக்கும் நேரம் வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏட்டி, கோயிலுக்கு வந்தும் அதையே தடவிக்கிட்டு நிப்பியா? உன் தங்கச்சிக்காக ஒரு ஜெபம் சொல்லக் கூடாதா? கையைக் கூப்பு."

கூப்பினேன். கண்ணை மூடியதும் சித்தி வந்துவிட்டாள். மலையிறங்கும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிய சித்தி. கன்னம் நனைந்ததைத் துடைக்கக்கூட நான் கூப்பிய கையை எடுக்கவில்லை. ஃபாதரும் சாவகாசமாக, நெடுநேரம் ஜெபித்தார். ஜெபம் முடிந்து தாலி மாப்பிள்ளை கைக்குப் போகும் நேரம் எங்கோ 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே மழை வலுத்துவிட்டது என்று நினைத்து, மழைக்காகவும் ஒரு வரி ஜெபித்துக்கொண்டேன்.

ஜெபராஜ் முதல் முடிச்சைப் போட்டார். பாடகர் குழு பாட்டை எடுத்தது. கூடவே அம்மாவின் போன் அலறியது.

"மதினி! மாப்பிள்ளை கை பாதியில நிக்கி! அசையல மதினி! மதினி!"

எங்கள் பக்கத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளைக்கு, மற்ற இரண்டும் அவருடைய அக்கா தங்கைக்கு. ஜெபராஜின் அக்கா மெர்சி இரண்டாவது முடிச்சுக்காகக் கயிற்றை வாங்கியிருந்தாள். ஷீபா தலையைத் திருப்பாமல், கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மதினி, போட்டுறாதீங்க. அப்பா பாக்கல."

மெர்சியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அவள். கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்வரிசையிலிருந்து அவள் அத்தை ஒருத்தி, "நல்ல நேரத்துல நிறுத்தாத ஏட்டி, கட்டு!" என்றாள். மெர்சி திரும்பிப் பார்த்தாள். "அவுக அப்பா பாக்கட்டும் அத்தை. நான் வச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து இன்றுவரை எனக்கு அவள் மேல் தனி மரியாதை.

அதற்குள் கோயில் முழுக்க ரேஞ்சைத் தேட ஆரம்பித்துவிட்டது. கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் ரேஞ்ச் உள்ளே வரட்டும் என்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். சாரல்தான் உள்ளே வந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மோடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். பாட்டுக்காரர்கள் நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் ஒரே அல்லேலூயாவைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மலையாளக்காரரான ஃபாதர் என்னைப் பார்த்து, "எந்தா மோளே, கரன்ட் போயோ?" என்றார்.

நான் மேசைக்குப் பாய்ந்து மவுஸைப் பிடித்தேன். மழைச் சத்தம் நின்றது.

மழை நிற்கவில்லை. என் ஃபேன் நின்றது. திரையின் மூலையில் ஒரு சின்னக் குறிப்பு: கம்ப்யூட்டர் பயன்பாட்டில் இருப்பதால் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. நான் பக்தியாகக் கையைக் கூப்பி நின்றதை, ஆள் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு, மரியாதைக்காரக் கார்டு மருந்து ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது. நேரலைக்கு வீடியோவைச் சுருக்க அதற்குக் கை ஒழியவில்லை. அந்தப் புரோகிராமை மூடினேன். மூடிய பிறகும் மவுஸை விடப் பயந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டு மதினி! வந்துட்டு! எல்லாரும் அசையுதாக!" என்று போன் கத்தியது.

"இனி கெட்டாமோ?" என்றார் ஃபாதர்.

மெர்சி கட்டினாள். மஸ்கட்டிலிருந்து ஒரு குரல், பாட்டுக்கு மேலே, "ரெண்டு..." என்றது. பிறகு "மூணு..." என்றது.

ரேஞ்ச் மேல் பழியைப் போட்டிருந்தால் வண்டிப்பெரியாரில் ஒருவர் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். பந்தியில் உட்கார்ந்து அப்படித்தான் செய்யலாம் என்று முடிவு பண்ணினேன். எதிரில் இருப்பவர்களெல்லாம் ரேஞ்சைத் திட்டத் திட்ட எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. எழுந்துபோய் அம்மாவின் போனை வாங்கிச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். ஷீபாவும் மாப்பிள்ளையும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஒன்று விடாமல் சொன்னேன். கிராஃபிக்ஸ் கார்டு, மூன்று நிமிடம், கூப்பிய கை, எல்லாம்.

சித்தப்பா திட்டவில்லை. திட்டிவிட்டால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

"அது எந்தச் சீக்குக்கு மருந்து தேடுது?" என்றார்.

"சித்தி சீக்குக்குத்தான் சித்தப்பா."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்ப முதல் முடிச்சை அவ வாங்கிக்கிட்டா. வாங்கட்டும். பெத்தவளுக்கு ஒண்ணு வேண்டாமா?" என்றார். பிறகு, "இப்ப ஓடுதா அது?"

"இல்ல சித்தப்பா. நிறுத்திட்டேன். இனிமே அதைத் தொடவே மாட்டேன்."

"ஏன் நிறுத்துன, கூறுகெட்டவளே? கல்யாணந்தான் முடிஞ்சிட்டுல்லா? போட்டு விடு."

அன்று சாயங்காலமே போட்டுவிட்டேன். இன்னும் ஓடுகிறது. வீட்டில் யார் ஜெபத்தை ஆரம்பித்தாலும், "முதல்ல ஜாஸ்மின் கையில மவுஸைக் குடுங்க" என்று அம்மா சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரிய கஷ்டம் ஜெபராஜ் மாப்பிள்ளைக்குத்தான். நேரலையில் அந்த முடிச்சு இல்லை. அதைப் பதிவு செய்ததும் அதே கம்ப்யூட்டர் என்பதால் பதிவிலும் இல்லை. போட்டோக்காரர் எடுத்ததில் மெர்சியின் முதுகு மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதனால் ஷீபாவோடு சண்டை வந்தால் அவர் வழக்கை என்னிடம்தான் கொண்டுவருவார்.

"நீங்களே சொல்லுங்க மதினி. நான் கட்டுனது ஒரே ஒரு முடிச்சு. அதுக்கும் ஆதாரம் இல்ல. மத்த ரெண்டும் எங்க அக்கா கட்டுனது. இவ கூட நான் எதுக்கு இருக்கணும்?"

ஷீபா அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொல்வாள்.

"உம்ம முடிச்சு எங்க அம்மைகிட்ட இருக்கு. மருந்து கண்டுபிடிச்சு முடிஞ்சதும் திருப்பித் தருவா. அதுவரைக்கும் இங்கனயே கெடயும்."